பதினோராவது கட்டம்

மன்னார்குடி அரசு மருத்துவமனையில்
மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரில் என் அறை.
கதவில் சுகவாழ்வு மையம் என்று எழுதியிருக்கும்.
உள்ளே வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வருவதில்லை.
படித்தவர்கள் உள்ளே வருவதில்லை.

பதிவேட்டில் பன்னிரண்டு கட்டங்கள்.
மார்ச் மாதம் கூட்டிப் பார்த்து
யாருக்கு அதிகம் என்று மேலே எழுத வேண்டும்.
பெண்கள் என்று வரும்,
இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள்.
ஒரு வருஷம் பழைய தாளில்
தேதியை மட்டும் மாற்றி அனுப்பினேன்.
யாரும் கேட்கவில்லை.

கோகிலவாணி வந்தது ஆவணியில்.
ஆத்துல தண்ணி வந்துட்டுதுங்க,
எங்க வாய்க்காலுக்குத்தான் இன்னும் வரலை என்றாள்,
நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.
கேட்கப்போவதைத் தள்ளிப்போட
எல்லோரிடமும் ஒரு பேச்சு இருக்கும்.
கோட்டூருக்குத் தெற்கே அது தண்ணீர்.

அடிவயிற்றில் வலி.
வெள்ளைப்படுதா?
அது எல்லாருக்கும் உள்ளதுதானேங்க.
கல்யாணமாகி நாலு வருஷம்.
கருகாவூர் நெய் நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டாயிற்று.
மாமியார் ஒருமுறை கூட்டிப்போனாள்,
நாத்தனார் ஒருமுறை.
அவனை யாரும் எங்கும் கூட்டிப்போகவில்லை.

அவன் அறுவடை மெஷின் ஓட்டுகிறான்.
நெல் எங்கே முற்றுகிறதோ அங்கே இருப்பான்,
நெல்லூர், ராய்ச்சூர், தை பிறந்தால் இங்கே.
அவுங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க,
நல்லாத்தான் இருக்காங்க.

இதன் சமர்த்தே அதுதான்.
வலிக்காமல் வரும்,
வலிக்காமல் மேலே ஏறும்,
வலிக்கும்போது
குழாய் இரண்டும் தூர்ந்திருக்கலாம்.

கிளமிடியா என்றேன்.
ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்,
தூரத்து ஊர் ஒன்றின் பெயர் போல,
பஸ் எங்கே மாற வேண்டும் என்று
அடுத்துக் கேட்கப்போகிறவள் போல.

சாம்பல் நிறப் பெட்டி இரண்டு.
ஒன்று உனக்கு, ஒன்று அவருக்கு,
இரண்டு பேரும் சாப்பிட்டால்தான் பலன்.
என்னன்னு சொல்லிக் குடுக்கறது?
பயிற்சியில் ஏழு வாக்கியம் தந்திருந்தார்கள்.
ஏழையும் சொன்னேன்.
நீங்க வந்து சொல்றீங்களா என்றாள்.
அது எட்டாவது.

மாசியில் திரும்பி வந்தாள்.
அவனுடைய பெட்டி, சீல் பிரிக்காமல்,
பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி.
சீனி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாளாம்.
எடுத்துப் பார்த்துவிட்டு
எவன்கிட்ட வாங்கின என்று கேட்டானாம்.
அவள் மருந்தை நினைத்துக்கொண்டு
கவர்மெண்டு ஆஸ்பத்திரியில என்றிருக்கிறாள்.
அவன் கேட்டது மருந்தை இல்லை.

இடது காதில் தோடு இல்லை.
நானும் அதைப் பார்க்காதது போல
வேற யாருக்காவது ஆகும்னு கொண்டாந்தேன் என்றதை
வாங்கி டிராயரில் வைத்தேன்.

பதினோராவது கட்டம்:
துணைவர் சிகிச்சை பெற்றாரா.
இல்லை என்று எழுதும்போது மட்டும்
அவன் இந்தத் தாளில் வருகிறான்,
பெயர் இல்லாமல், வயது இல்லாமல்.
நெல்லூர்ப் பக்கம் ஒருத்தி
இன்னொரு பதிவேட்டில் இருக்கக்கூடும்.
வாய்க்கால் வெட்டாத ஊர் என்றால்
அதிலும் இருக்க மாட்டாள்.

கடைமடைக்குத் தண்ணி கடைசியாத்தான் வரும்,
வெள்ளம் மட்டும் மொதல்ல வந்துடும்.
இது அவள் சொன்னது.
போன ஐப்பசியில் மூழ்கின நாற்றைப் பற்றித்தான்.

பங்குனியில் மூன்றாவது தடவை.
இம்முறை தனியாக இல்லை.
பின்னால் துப்பட்டாவைக் கடித்தபடி ஒரு பெண்,
கருகாவூருக்குக் கூட்டிப்போன அதே நாத்தனார்.
நிச்சயம் ஆகியிருக்கிறது, வைகாசியில் கல்யாணம்.
இவளுக்கும் வயித்து வலிங்க,
வீட்ல தெரியாது.

பெயர் என்ன என்றேன்.
அந்தப் பெண் வாய் திறக்கவில்லை.
கோகிலவாணி நாற்காலியை முன்னால் இழுத்தாள்.
என் பேரையே போட்டுக்குங்க,
ஏற்கெனவே எழுதினதுதானே.

எழுதினேன்.
ஒரு பெயரில் இரண்டு பேர்.
இந்த மார்ச் கணக்கில்
ஒன்று குறையும்.